பனி குறைந்தால் துருவ மானுக்குக் கொண்டாட்டம்தானே?

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கண்காட்சிக்கு என் மாணவிகள் ‘பருவநிலை மாற்றமும் துருவ மான்களும்’ என்ற தலைப்பை எடுத்திருக்கிறார்கள். “பூமி சூடானா பனி உருகிடும், தீனி சுலபமா கிடைக்கும், அப்புறம் மான் ஏன் மிஸ் சாகுது?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். என்ன பதில் சொல்வது? இதை மாடலாகச் செய்து காட்ட முடியுமா?
(ஓர் ஆசிரியை, அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: கேட்ட பிள்ளைக்கு முதலில் ஒரு சபாஷ் சொல்லுங்கள். கோடையைப் பொறுத்தவரை அவள் சொல்வது சரிதான். துருவத்தில் கோடை நீளும்போது செடிகொடி கூடுதலாக வளர்கிறது, மேய்ச்சலும் கூடுகிறது. வம்பு குளிர்காலத்தில்தான்.

துருவ மானுக்கு, அதாவது ரெயின்டீருக்கு, பனி பழகிய விஷயம். பொலபொலவென்று கிடக்கும் பனியை மோப்பம் பிடித்து, முன்னங்காலால் பறித்துத் தள்ளிவிட்டு, அடியில் இருக்கும் லைக்கனைத் தின்னும். லைக்கன் என்றால் பிள்ளைகள் விழிப்பார்கள். பிரியாணிக்குப் போடும் கல்பாசியைக் கையில் கொடுங்கள். மான் தின்பது வேறு வகை என்றாலும் கல்பாசியும் லைக்கன்தான்.

மானைக் கொல்வது பனியை விட, பனிமேல் பெய்யும் மழை. குளிர்காலத்தின் நடுவே திடீரென வெப்பம் ஏறி மழை பெய்கிறது. தண்ணீர் பனிக்குள் இறங்குகிறது. மறுபடி குளிர் அடித்ததும் அது கெட்டியாக உறைந்து, மேய்ச்சல் நிலத்துக்கே கண்ணாடி மூடி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. தீனி காலடியிலேயே இருக்கும், வாய்க்கு எட்டாது. குளம்பால் தட்டித் தட்டி உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்புதான் கரையும். குளிர்காலம் முழுக்கச் சினையாக இருக்கும் பெண் மான்களுக்கு இது இரட்டை அடி. பல நேரம் கரு கலைந்துவிடும்.

ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் இப்படித்தான் நடந்தது. மழை பெய்து உறைந்த அடுக்கு வசந்தம் வரை இளகவில்லை. நெனெட்ஸ் மக்கள் மேய்க்கும் மான்களில் ஏறக்குறைய 61,000 செத்தன. அதே பகுதியில் 2006-ல் சுமார் 20,000 போயிருந்தன. அருகிலுள்ள பேரண்ட்ஸ், காரா கடல்களில் மிதக்கும் பனிக்கட்டி குறைந்ததால், திறந்து கிடக்கும் கடலிலிருந்து ஈரக்காற்று கூடுதலாக நிலத்துக்கு வருகிறது. மழைக்குக் காரணம் அதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கனடாவின் பேங்க்ஸ் தீவிலும் 2003 அக்டோபரில் பனிமேல் மழை பெய்து, சுமார் 20,000 கஸ்தூரி எருதுகள் பட்டினியில் மாண்டன.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். அங்கே மான்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, எடையோ குறைந்திருக்கிறது. 1994-ல் பிறந்த பெண் மான்கள் வளர்ந்தபின் சராசரி 55 கிலோ இருந்தன. 2010-ல் பிறந்தவை 48 கிலோதான். கோடை நன்றாக இருப்பதால் குட்டிகள் பெருகுகின்றன, குளிர்காலத்தில் எட்டுகிற கொஞ்சத் தீனிக்குப் போட்டி கூடுகிறது. உங்கள் மாணவியின் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் இல்லை என்பேன்.

சரி, மாடலுக்கு வருவோம். இரண்டு டிபன் டப்பா, கொஞ்சம் கல்பாசி, பனி. கல்பாசி எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். பனிக்கு, பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் சுவரோடு படிந்திருக்குமே, அதைச் சுரண்டி எடுங்கள். நிஜப் பனிக்கு அதுதான் கிட்டத்தட்ட வரும். ஜூஸ் கடை ஐஸ் வேண்டாம், ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் இரண்டு டப்பாவுமே கட்டிதட்டிப் போகும். கல்பாசியை அடியில் பரப்பி மேலே நான்கு விரல் உயரத்துக்குப் பனி போட்டு, ஒரு டப்பாவில் மட்டும் ஃபிரிட்ஜ் தண்ணீரைப் பூவாளி மாதிரித் தெளியுங்கள். இரண்டையும் ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள்.

மறுநாள் பார்வையாளர் கையில் ஒரு மரக்கரண்டியைக் கொடுத்து, இதுதான் குளம்பு, கல்பாசியை எடுங்கள் என்று சொல்லுங்கள். ஒன்றில் சட்டென்று வரும். இன்னொன்றில் கரண்டி வழுக்கும். சேலத்து வெயிலுக்கு டப்பாக்களை மீன் கடைத் தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துப் போவது நல்லது. எதற்கும் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் பனிக்கரடி படம் ஒட்ட ஆசைப்படுவார்கள், தடுத்துவிடுங்கள். அது மாமிசம் தின்கிற ஜாதி, தலைப்புக்கே ஒட்டாது.

“நம்ம ஊருக்கு இதில் என்ன சம்பந்தம்?” என்று நடுவர் கேட்கத்தான் செய்வார். அதற்காக ஏற்காட்டுக் காட்டெருமையை இழுக்க வேண்டாம். சேர்வராயன் மலையில் மார்கழியில் மூடுபனிதான் இறங்குகிறது, அதற்கு வெறும் புல்லே தாங்கும். லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே சாங்பா மக்கள் வளர்க்கும் யாக்கும் பஷ்மினா ஆடும் பனி மூடிய குளிர்காலங்களில் தீனியில்லாமல் சாவது உண்டு. நம் நாட்டு உதாரணம், வரைபடத்திலும் காட்டிவிடலாம்.