வகுப்பில் நடக்கும் குழுச் செயல்பாடுகளை மாணவர்கள் உண்மையிலேயே விரும்புகிறார்களா?

மகளோ மகனோ வீட்டுக்கு வந்து "இன்றைக்கு சார்ட் ஒட்டினோம்" என்று சொல்ல, பாடம் எப்போது நடக்கும் என்ற கவலையில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் அறிவியல் நடத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரு பள்ளியை வைத்துக்கொண்டு மாநிலத்தையே அளக்கிறான் என்று பின்னூட்டத்தில் யாரும் வர வேண்டாம். நான் கண்டதைத்தான் சொல்கிறேன்.

நம் பள்ளிகளுக்குச் செயல்பாடு புதிதல்ல. 2007-08இல் தொடக்க வகுப்புகளில் பாட அட்டைகளும், அவற்றை எந்த வரிசையில் முடிப்பது என்று காட்டும் ஏணிப்படியுமாகச் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுவதும் வந்தது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு மனவரைபடம் (பாடக் கருத்துகளை வட்டமும் கோடுமாக இணைக்கும் படம்), தொகுத்தல், வழங்குதல் என்று படைப்பாற்றல் கல்வி வந்தது. 2012-13இல் ஆண்டை மூன்று பருவமாகப் பிரித்த முப்பருவ முறையோடு, பருவத்தின் நடுவே செயல்பாடுகளையும் சிறு தேர்வுகளையும் வைத்து மதிப்பிடும் வளரறி மதிப்பீட்டுக்கு நூற்றுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றையும் பற்றி அதிகாரிகளும் ஆசிரியர்களும் பெற்றோரும் பேசித் தீர்த்துவிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டவர்கள்தாம் குறைவு.

ஆறாம் வகுப்பு மின்னியல் பாடத்தில், படம் எதுவும் வரைந்து காட்டாமல், குழுவுக்கு ஒரு டார்ச் செல், ஒரு சிறு பல்பு, ஒரு துண்டுக் கம்பி மட்டும் கொடுத்து எரியவைக்கச் சொல்வது என் வழக்கம். அநேகமாக எல்லாக் குழுவும் கம்பியின் ஒரு முனையைச் செல்லிலும் மறுமுனையைப் பல்பின் அடியிலும் வைத்துவிட்டு, குழாயில் தண்ணீர் வருவதுபோல் மின்சாரம் வந்துவிடும் என்று காத்திருக்கும். ஓர் ஆண்டு, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு சிறுமி பல்பின் அடிமுனையைச் செல்லின் மேல்முனையில் நேராக நிறுத்தி, செல்லின் அடியிலிருந்து கம்பியைக் கொண்டுவந்து பல்பின் உலோகக் கழுத்தில் தொடவைத்தாள். பல்பு எரிந்ததும் எழுந்த கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். சுற்று என்றால் முழுதாகத் திரும்பி வர வேண்டும் என்பதை அதற்குப் பிறகு பலருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் மணி அடித்ததும், அதே குழுவைச் சேர்ந்த பையன் ஒருவன் மிகுந்த மரியாதையுடன் கேட்டான்: "சார், நாளைக்காவது பாடம் நடத்துவீங்களா?"

அவனைக் குறை சொல்ல முடியாது. தேர்வில் வரப்போவது கேள்வி பதில். அது நோட்டில் ஏறினால்தான் படித்ததாக அவனுக்கும் வீட்டுக்கும் நிம்மதி. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்விலும் இதே முரண்தான் தெரிந்தது: தாமே முயன்று பார்த்த வகுப்பில் மாணவர்கள் தேர்வில் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள், ஆனால் விரிவுரை கேட்டபோதுதான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள், நம் பிள்ளைகள் பதினொரு வயதுக்காரர்கள் என்ற வேறுபாட்டை மறக்கவில்லை. இருந்தாலும், மாணவருக்குப் பிடிக்கிறதா என்பதும் மாணவர் கற்கிறாரா என்பதும் இரு வேறு கேள்விகள் என்பதற்கு இது போதும்.

அன்றைக்குப் பெயர் எழுதாமல் கருத்தை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். "பல்பு ஒன்றுதான், நான் தொடவே இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். "நீங்கள் சுற்றி வரும்போது மட்டும் எல்லோரும் பேசுகிறோம்" என்று இன்னொருவர். "கையெழுத்து நன்றாக இருப்பதால் எப்போதும் நானே எழுதுகிறேன், கை வலிக்கிறது" என்று மற்றொருவர். செயல்பாடு வேண்டாம் என்று எந்தச் சீட்டும் சொல்லவில்லை. வேலை எல்லோருக்கும் பங்காகவில்லை என்றுதான் பல சீட்டுகள் சொல்லின. மறுமுறை இருவருக்கு ஒரு செல் என்று கொடுத்தேன். பேசாத பிள்ளைகள் பேசினார்கள். இருபது ஆண்டுப் பயிற்சி வகுப்புகளில் எனக்குக் கிடைக்காதது அந்தச் சீட்டுகளில் கிடைத்தது என்று சொன்னால் சக ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

பிள்ளைகள் ஏமாற்று வேலையை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பாடத் தலைப்புகளை அப்படியே வட்டங்களுக்குள் பெயர்த்தெழுதிய மனவரைபடத்தையும், பேன்சி கடையில் வாங்கிய படத்தாளை வெட்டி ஒட்டி அப்பா முடித்துக் கொடுத்த ப்ராஜெக்டையும் அவர்கள் கற்றலாக எண்ணுவதே இல்லை. மதிப்பெண்ணுக்கான சடங்காகவே எண்ணுகிறார்கள். பார்வையிட வருபவர்கள் சுவரில் தொங்கும் சார்ட்டை எண்ணும் வரை ஆசிரியரும் அந்தச் சடங்கிலிருந்து தப்ப முடியாது; வகுப்பு நேரத்தில் கைப்பேசியில் விவரம் பதிவேற்றும் வேலை வேறு இருக்கிறது, அதை எழுதத் தொடங்கினால் பதில் முடியாது.

இன்னொன்று: நன்றாக விளக்கிச் சொல்லும் ஆசிரியரைப் பிள்ளைகள் இப்போதும் கொண்டாடுகிறார்கள். விரிவுரை என்றாலே பழைமை என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பல்பு எரிந்த மறுநாள் பத்து நிமிடம் கரும்பலகையில் நான் விளக்கியபோதுதான் அந்தப் பையன் முகத்தில் தெளிவு வந்தது.

ஆகவே, உங்கள் பிள்ளையிடம் "பிடித்ததா?" என்று கேட்பதைவிட, "குழுவில் நீ என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். தொடர்ந்து வண்ணம் தீட்டினேன், ஒட்டினேன் என்றே பதில் வந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வேலைகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும்படி ஆசிரியரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.