குரூப் 4 படிப்பு மூன்றாம் நாளே நின்றுவிடுகிறது என்றவருக்கு

வேலை முடிந்து இரவு எட்டரைக்கு வீடு வருவதாகவும், குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குத் தினமும் மூன்று மணி நேரம் படிக்க அட்டவணை போட்டு மூன்றாம் நாளே விட்டுவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இது சோம்பல் இல்லை. அட்டவணைதான் தப்பு. களைத்து வந்த உடம்பு அதற்கு ஒத்துவராது.

இரவை விடுங்கள். காலையில் டீ குடித்ததும் இருபது நிமிடம், அவ்வளவுதான். முதல் நாள் இரவே ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை உரிய பக்கத்தில் திறந்து, மேலே பேனாவை வைத்துவிட்டுப் படுங்கள். புத்தகத்தைத் தேடும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் கை போனுக்குப் போகும். நான் போனை அடுக்களையில் சார்ஜ் போட்டுவிடுவேன். தமிழை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: 200 கேள்வியில் 100 தமிழ்தான். அதில் 40 சதவீதம் வராவிட்டால் தரவரிசைக்கே எடுக்க மாட்டார்கள்.

அப்புறம், ஒரு நாள் விட்டுப்போனால் அந்தப் பாக்கியை மறுநாள் தலையில் ஏற்றாதீர்கள். என்னைக் கவிழ்த்தது அதுதான். ஐந்து நாள் பாக்கி சேர்ந்ததும் புத்தகத்தைத் தொடவே பயமாகிவிட்டது. மறுநாளும் அதே இருபது நிமிடம் போதும். மூன்று வாரம் ஓடட்டும், பிறகு நேரத்தைக் கூட்டலாம். இன்றிரவே புத்தகத்தை எடுத்து வையுங்கள். எப்படிப் போகிறது என்று எழுதுங்கள்.