எதிர்பாராத கர்ப்பத்தை வைத்துக் காமெடிப் படம் எடுப்பது கேலி ஆகாதா?

காதல் நகைச்சுவைப் படம் என்றால், இரண்டு பேர் சேர்வதற்குள் வரும் குழப்பங்களைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் கதை. எதிர்பாராத கர்ப்பத்தைச் சொல்லும் படங்களில் அந்தக் குழப்பமே யாரும் திட்டமிடாத ஒரு குழந்தைதான். அது கேலியா இல்லையா என்பது சிரிப்பு யார்மேல் விழுகிறது என்பதைப் பொறுத்தது.

2018இல் இந்தியில் வந்த ‘பதாய் ஹோ’வை 2022இல் தமிழில் ‘வீட்ல விசேஷம்’ என்று எடுத்தார்கள். கல்யாண வயதில் மகன் இருக்க, அம்மா ஊர்வசி கர்ப்பமாகிறார். அப்பா சத்யராஜ் முழிக்கிறார். மகனுக்கோ காதலியிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. இதே பாளையங்கோட்டைக் கல்யாண மண்டபமாக இருந்தால், “இந்த வயசுல இது தேவையாட்டி?” என்று பந்தி முழுக்க இதே பேச்சாக இருக்கும். படம் கிண்டல் செய்வது அந்தப் பந்தியைத்தான். முதலில் திட்டித் தீர்க்கும் மாமியாரே பிறகு உறவுக்காரர்கள் முன்னால் மருமகளுக்காகப் பேசுவார். காதல் காட்சிகளைவிட எனக்குப் பிடித்த இடம் அது.

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரைத் திருப்பச் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுவார்கள். பார்ப்பதற்குத் தடை மாதிரி இருக்கும். ரத வீதி முனையில் தேர் திரும்புவதே அதனால்தான். கதையில் கர்ப்பமும் அப்படி, பேச்சே இல்லாமல் ஓடிய குடும்பத்தை நிறுத்திப் பேசவைக்கிறது.

அப்புறம், ‘ஐம்பதை நெருங்கினால் கர்ப்பமே ஆகாது, இதெல்லாம் சினிமா’ என்பது தவறு: வாய்ப்பு குறைவு, ஆனால் தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் முழுதாக நிற்கும்வரை கர்ப்பம் தரிக்கலாம்.