வாசகர் கேள்வி பதில்: பேசாத பையனின் நாவல்

கேள்வி: கிராமத்து நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்துவிட்டு, 1988 ஜூன் மாதம் குடியாத்தத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பையனைப் பற்றி நாவல் எழுதுகிறேன். அவன் கூச்ச சுபாவம் உள்ளவன், யாரோடும் பேசமாட்டான். படித்துப் பார்த்த நண்பர்கள், கதையில் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறார்கள். அவனைப் பேச வைத்துவிடலாமா? முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.
- வாசகர் ஒருவர், குடியாத்தம்

பதில்: பேச வைக்காதீர்கள். அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் அவன் பயப்படுகிறான், நடுங்குகிறான், வியர்க்கிறான். குறை அங்கேதான் இருக்கிறது. கூச்சத்தை முழுக்க முழுக்க அச்சமாகவே எழுதிவிட்டீர்கள்.

உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (தமக்கு மேலான தலைவர்) என்னும் நான்கைச் சொல்கிறது. இவற்றில் உங்கள் பையனுக்குப் பொருந்துவது கடைசி ஒன்றுதான். அதுவும் தலைமையாசிரியர் வராந்தாவில் நடந்து வரும்போது மட்டும். அதே இயல் மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, 'புதுமை பெருமை சிறுமை ஆக்கம்' என்று வேறு நான்கைத் தருகிறது. ஊரில் இல்லாத புதுமை, இரண்டு மாடிக் கட்டடத்தின் பெருமை, அதன் முன்னே தான் சிறுத்துப் போவது, ஒன்று இன்னொன்றாக மாறும் ஆக்கம் என்று நான்குமே ஒன்பதாம் வகுப்பின் முதல் வாரத்தில் அவனுக்குக் காத்திருக்கின்றன. கூச்சமுள்ள பையன் வாயை மூடிக்கொண்டிருக்கிறானே தவிர, கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்று நண்பர்கள் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. வருகைப் பதிவேடு வாசிக்கப்படும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் ஆசிரியர் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே வருகையைக் குறித்துவிடுவார்; இங்கே அறுபது பெயர்களைத் தலை நிமிராமல் வாசிக்கிறார். தன் பெயருக்கு முன்னால் இன்னும் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று விரலால் எண்ணிக்கொண்டு, 'உள்ளேன் ஐயா' என்பதை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தவன், முறை வந்தபோது குரல் எழும்பாமல் உட்கார்ந்திருக்க, ஆசிரியர் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார். பள்ளிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன் அன்று முழுவதும் பதிவேட்டின்படி பள்ளியில் இல்லை. இதை இரண்டே வரியில் எழுதிவிட்டு, பேருந்து நிலையத்தை வர்ணிக்க மூன்று பக்கம் செலவழித்திருக்கிறீர்கள்! மதியம் இடைவேளையில் அவன் யாரிடமாவது போய்ச் சொல்வானா, மறுநாள் விடுப்புக் கடிதம் கேட்டால் என்ன செய்வான், வராத நாளுக்குக் கடிதம் கொடுத்துவிடுவதே எளிது என்று பொய்யாகக் காய்ச்சல் எழுதுவானா? இரண்டாம் அத்தியாயம் இங்கேயே கிடைக்கிறது.

இன்னொரு இடமும் உண்டு. அம்மா பீடி சுற்றுகிறாள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, வகுப்புக்குள் நுழையுமுன் அவன் சட்டைக் கையை முகர்ந்து பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்குப் பின்னால் நீங்கள் சேர்த்திருக்கும் 'அவனுக்கு அவமானமாக இருந்தது' என்பதை அடித்துவிடுங்கள். புகையிலை நெடி என்ன செய்யும் என்பது குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் வளர்ந்த எவருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அந்த முகர்தலே போதும்.

கேள்வி: எங்கள் வட்டார வழக்கில் உரையாடல் எழுதினால், சென்னைத் தமிழ் என்று நினைத்துவிடுவார்களோ?

பதில்: நினைக்கட்டும். 'இன்னா', 'வந்துகினு' எல்லாம் வட ஆற்காட்டிலும் வீட்டுக்கு வீடு புழங்குகிற பேச்சுதான். அதைச் சென்னைக்கு மட்டும் எழுதி வைத்தது திரைப்படங்கள். பையனிடம் வாத்தியார் ஒருமுறை 'வந்துகொண்டு என்று சொல்' எனத் திருத்தினால், அவன் அதன்பின் வாயைத் திறக்காததற்குக் காரணமும் கிடைத்துவிடும்.

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு அவன் எழுதும் கடிதங்களாகவே நாவலை அமைக்கலாமா?

பதில்: அமைக்கலாம், வாயால் பேசாதவன் எழுத்தில் கொட்டித் தீர்ப்பது நம்பத்தகுந்ததே. ஆனால் 1988இல் அவன் கையில் கிடைப்பது, ஒரே தாளில் எழுதி மடித்து ஒட்டி அனுப்பும் இன்லண்ட் கடிதம். இடம் தீர்ந்ததும் மடிப்பு ஓரத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுத வேண்டிவரும். ஒட்டுவதற்கு முன் அம்மா 'நானும் விசாரித்ததாக எழுது' என்பாள். இப்படிக் குறுகிய இடத்தில் எதைச் சொல்லாமல் விட்டான் என்பதை வாசகர் உணரும்படி எழுதுவதுதான் கடினம். பத்துப் பக்கக் கடிதங்கள் வேண்டாம்.

ஒரு பிழையையும் திருத்திக்கொள்ளுங்கள். கடிதத்தில் அனுப்புநர் முகவரியாக 'வேலூர் மாவட்டம்' என்று போட்டிருக்கிறீர்கள். அவன் ஒன்பதாம் வகுப்பில் சேரும்போது அது வட ஆற்காடு மாவட்டம். 1989 செப்டம்பரில் அது இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் தனியே போக, குடியாத்தம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் இருந்தது. அப்போது அவன் பத்தாம் வகுப்பு. வீடு நகரவில்லை, முகவரி மாறிவிட்டது. நான் மேலே சொன்ன ஆக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உங்களுக்குக் கிடைக்காது. புதுப் பெயரை எப்படி எழுதுவது என்று தபால் நிலையச் சன்னலில் அவன் ஒருவரிடம் கேட்டாக வேண்டும். கேட்கிறானா, கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறானா என்பதை எழுதி அனுப்புங்கள்.