ஒயில் மாற்றிய பிறகு கார் ஒழுகுகிறது, ஒயில் அளவும் கூடியிருக்கிறது. அப்படியே கொழும்புக்கு ஓடலாமா?

சேர்விஸ் செய்து இரண்டு நாளில் காருக்கு அடியில் ஒயில் சொட்டுகிறது, ஒயில் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஒயில் நிற்கிறது, வார இறுதியில் திருகோணமலையிலிருந்து கொழும்பு போக வேண்டும் என்கிறீர்கள். இப்படியே ஓட வேண்டாம். கூடின ஒயிலை எடுத்து, ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடித்த பிறகு போங்கள்.

முதலில் அளவைச் சரியாகப் பாருங்கள். உவர்மலைப் பக்கம் வீடு என்றால் வாசலே சரிவாக இருக்கும், அங்கே பார்த்த அளவை நம்ப முடியாது. உட்துறைமுக வீதி மாதிரி மட்டமான இடத்தில் நிப்பாட்டி, எஞ்சினை ஓஃப் பண்ணி, பத்து நிமிடம் விடுங்கள். மேலே ஏறின ஒயில் சம்ப்புக்கு, அதாவது எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தட்டுக்கு, இறங்க வேண்டும். பிறகு டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, முழுதாகச் செருகி, திரும்ப இழுத்துப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே இரண்டு மூன்று மில்லிமீற்றர் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு சென்ரிமீற்றர் என்றால் கட்டாயம் எடுக்க வேண்டும்.

"ஒயில் கூட இருந்தால் நல்லதுதானே" என்று சொல்பவர்கள் இங்கே நிறையப் பேர். அது பிழை. அளவு மிகவும் கூடினால், எஞ்சினுக்குள் சுற்றுகிற தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஒயிலில் அடிபட்டு, முட்டை அடித்த மாதிரி அதை நுரையாக்கிவிடும். பம்ப் ஒயிலோடு காற்றையும் இழுக்கும், பிரஷர் விழும், பெயரிங் தேயும். இன்னொரு பக்கம் ஒயில் காற்றுக் குழாய் வழியாக எரியும் இடத்துக்குப் போய் நீலப் புகை வரும். பழைய சீல்கள் ஒழுகத் தொடங்குவதும் உண்டு.

ஏன் கூடுகிறது? பெரும்பாலும் நான்கு லீற்றர் கேன்தான் காரணம். காசு கொடுத்து வாங்கினதாயிற்றே என்று முழுக்க ஊற்றிவிடுவார்கள். ஜப்பானின் 660 சிசி எஞ்சின்கள் பல மூன்று லீற்றர் கூடப் பிடிக்காது. காரின் புத்தகத்தில் ஒயில் ஃபில்ட்டரோடு எவ்வளவு, ஃபில்ட்டர் மாற்றாமல் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். அதைப் பார்த்து, கொஞ்சம் குறைத்து ஊற்றி, டிப்ஸ்டிக்கைப் பார்த்துச் சேர்ப்பதுதான் முறை.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். ஒட்டோ கியர் காரில் எஞ்சின் ஒயிலை வடிக்கும் கீழ் நட் என்று நினைத்து கியர் பொக்ஸ் நட்டைக் கழற்றி, கியர் ஒயிலை வடித்துவிட்டு, எஞ்சினில் புது ஒயிலை ஊற்றிவிடுவது. டிப்ஸ்டிக்கில் ஒயில் மிக மேலே நின்று, நிறமும் தேன் போல இல்லாமல் பழைய கறுப்பாகவே இருந்தால் இந்தச் சந்தேகம் வரவேண்டும். அப்படியென்றால் காரை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், மெக்கானிக் பாஸை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

அடுத்தது ஒழுக்கு. சேர்விஸுக்குப் பிறகுதான் தொடங்கியது என்றால், கை பட்ட இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய ஃபில்ட்டரின் ரப்பர் வளையம் சில நேரம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் புதியதைப் பூட்டினால் இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்றாக நின்று ஒழுகும். இது திடீரென்று பிதுங்கினால் ஒயில் முழுக்க வெளியே போய்விடும், அதனால்தான் ஓட வேண்டாம் என்கிறேன். மற்றது கீழ் நட்டின் வொஷர். நசுங்கிய பழைய வொஷரையே போட்டிருப்பார்கள். நட்டை இன்னும் இறுக்கி ஒழுக்கை நிறுத்தப் பார்த்தால் சம்ப்பின் புரி போய்விடும், புது வொஷர் போடச் சொல்லுங்கள்.

அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, இரவு ஒரு காட்போட் மட்டையைக் கீழே விரியுங்கள். மட்டை காய்ந்து இருந்தால், ஃபில்ட்டர் கழற்றும்போது சிந்தினதுதான் சொட்டியிருக்கிறது. புதுச் சொட்டு விழுந்தால் அதற்கு நேர் மேலே பாருங்கள்.

கூடின ஒயிலை டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கலாம், கராஜில் சின்ன வேலை. எல்லாம் சரியென்றால் புறப்படுங்கள். கந்தளாயில் நிப்பாட்டும்போது ஒரு தரம் குனிந்து பாருங்கள். வழியில் சிவப்பு ஒயில் லைட் எரிந்தால் அடுத்த கடை வரைக்கும் என்று ஓடாமல், ஓரமாக எடுத்து உடனே எஞ்சினை ஓஃப் பண்ணுங்கள்.