டிஸ்னி வேர்ல்டு லைட்னிங் லேன் பாஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டில் வரிசையில் நிற்காமல் ரைடு ஏற உதவும் பாஸ் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முன்பு இதே வேலைக்கு இருந்த ஃபாஸ்ட்பாஸ் இலவசம்தானே? இப்போது ஏன் காசு?

1999-ல் வந்தபோது இலவசம்தான். 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்ற பெயரில் கட்டணமாகி, 2024 ஜூலை 24 முதல் லைட்னிங் லேன் மல்டி பாஸ், சிங்கிள் பாஸ் என்ற பெயர்களில் வருகிறது. மல்டி பாஸ் ஒரே விலையில் பல ரைடுகளுக்கு. சிங்கிள் பாஸ், கூட்டம் அலைமோதும் ஓரிரு ரைடுகளுக்குத் தனித்தனியாக. மேஜிக் கிங்டம் பார்க்கில் உள்ள ட்ரான் ரைடு அப்படித்தான். மல்டி பாஸ் வாங்கிவிட்டோம், ட்ரானும் அதில் வந்துவிடும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். இரண்டுக்கும் விலை நாளுக்கு நாள் மாறும்.

எப்போது முன்பதிவு செய்வது?

டிஸ்னி ஓட்டலில் தங்கினால் தங்கத் தொடங்கும் நாளுக்கு 7 நாள் முன்பிலிருந்து, மற்றவர்களுக்கு பார்க்குக்குப் போகும் நாளுக்கு 3 நாள் முன்பிலிருந்து. ஃபுளோரிடா நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். மல்டி பாஸில் முதலில் மூன்று ரைடு எடுக்கலாம், மூன்றும் ஒரே பார்க்கில் இருக்க வேண்டும்.

மூன்று ரைடுக்கு இவ்வளவு காசா அக்கா? வீண்தானே?

மூன்றோடு நின்றால் வீண்தான். முதல் ரைடு வாசலில் கையில் கட்டும் டிஸ்னி பேண்டையோ டிக்கெட்டையோ தட்டிய உடனே அடுத்த ஒன்றைப் போனிலேயே எடுக்கலாம். அதைப் பயன்படுத்தியதும் இன்னொன்று. இப்படி நாள் முழுக்க ஓடும். ஆகவே எந்த ரைடு கிடைத்தது என்பதைவிட, முதல் ரைடு எத்தனை மணிக்கு என்பதுதான் முக்கியம்.

இதை நான் சூடுபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். "மாலையில் வெயில் இருக்காது" என்று மூன்றையுமே மாலைக்குப் போட்டுவிட்டேன். முதல் தட்டலே மாலையில்தான். பகல் முழுக்கக் கையில் பாஸ் இருந்தும் சாதாரண வரிசையில் நின்றோம். வீட்டுக்காரர் இன்னமும் அதைச் சொல்லிக்காட்டுவார். சுமாரான ரைடாக இருந்தாலும் காலையில் கிடைக்கிற ஸ்லாட்டை முதலில் எடுங்கள். கதவு திறந்த முதல் ஒரு மணி நேரம் மட்டும் பாஸைத் தொடாமல் சாதாரண வரிசையில் ஓடிவிடுங்கள், அப்போது கூட்டம் குறைவு.

ரைடுக்குக் குறித்த ஒரு மணி நேர அவகாசம் தவறினால்?

5 நிமிடம் முன்னாலும் 15 நிமிடம் பின்னாலும் பொதுவாக விடுவார்கள். அதைத் தாண்டப் போகிறது என்றால் செயலியில் நேரத்தை மாற்றப் பாருங்கள். ரைடு பழுதாகி நின்றால் கவலை வேண்டாம், உங்கள் பாஸ் அன்றைக்கு வேறு ரைடிலும் செல்லும் பாஸாக மாறிவிடும். எனக்கு அது ஒரு சின்ன லாட்டரி மாதிரி.

பாஸ் இருந்தும் உள்ளே 20 நிமிடம் நின்றோம். மோசடியா?

இல்லை. ரைடு ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கை கூடுவதில்லை, யாரை முதலில் ஏற்றுவது என்பதுதான் மாறுகிறது. இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் பாஸ்காரர்களை அதிகமாக விடுவார்கள், அதனால்தான் சாதாரண வரிசை மெல்ல நகர்கிறது. ரைடு சற்று நேரம் நின்று மீண்டும் ஓடினால் பாஸ்காரர்கள் குவிந்து அவர்களுக்கே வரிசை உண்டாகும். அன்று உங்களுக்கு அப்படித்தான் நேர்ந்திருக்கும்.

கைக்குழந்தையுடன் போகிறோம். பாஸ் தேவையா?

3 வயதுக்குக் கீழே டிக்கெட்டும் வேண்டாம், பாஸும் வேண்டாம். உயரம் போதாத பிள்ளை இருந்தால் வாசலில் "ரைடர் ஸ்விட்ச்" கேளுங்கள். ஒருவர் பிள்ளையுடன் நிற்க, மற்றவர் ஏறி வந்தபின் இவர் முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

யூனிவர்சல் பார்க்குகளிலும் இதே முறையா?

அங்கே எக்ஸ்பிரஸ் பாஸ், நேரம் குறிக்கும் தொல்லையே இல்லை. நினைத்தபோது போகலாம். ஆர்லாண்டோவில் போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று ஓட்டல்களில் தங்குவோருக்கு அறை வாடகையோடு சேர்ந்தே கிடைக்கும். ஆனால் 2025 மே மாதம் திறந்த எபிக் யூனிவர்ஸ் என்ற அவர்களின் புதிய பார்க்கில் அந்த ஓட்டல் சலுகை செல்லாது. அறை போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.