வைத்தியரான அப்பாவுக்குக் கல்வெட்டு எழுதுவது

அன்புள்ள ஐயா,

அப்பா காலமாகி ஒன்பது நாளாகிறது. அரசாங்க வைத்தியராக வன்னியிலும் மட்டக்களப்பிலும் கடமையாற்றி, ஓய்வுபெற்றபின் வெள்ளவத்தையில் சிறிய டிஸ்பென்சரி நடத்தினார். 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு என்னும் நினைவு மலர் வெளியிட வேண்டும். லண்டனிலும் டொரொன்டோவிலும் இருந்து வந்த அஞ்சலிகளில் எல்லாம் “ஏழைகளின் வைத்தியர்”, “அன்பான தந்தை” என்றே இருக்கிறது. அப்பாவை அவற்றில் காணவில்லை. எப்படி எழுதுவது?

ஒரு மகள், கொழும்பு

அன்புள்ள சகோதரி,

உங்கள் துயரில் பங்குகொள்கிறேன். அஞ்சலிகளை ஒதுக்கிவைத்துவிட்டு அப்பாவின் அலுமாரியைத் திறவுங்கள். நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதங்கள், இலங்கை மருத்துவச் சபையின் பதிவுச் சான்றிதழ், ஓய்வூதியக் கோப்பு ஆகியவை கிடைத்தால், எந்த ஆண்டு எந்த ஆஸ்பத்திரி என்ற வரிசை வந்துவிடும். இடமாற்றக் கடிதத்தின் திகதி வேறு, கடமையேற்ற திகதி வேறு. கடமையேற்றதையே எழுதுங்கள்.

பிறகு ஒவ்வோர் ஊரிலும் அவரோடு வேலைசெய்த ஒருவரையாவது தேடுங்கள். உடன்படித்த டாக்டர்களைவிட, தாதிக்கும் மருந்தாளருக்கும் மருத்துவிச்சிக்கும் அம்புலன்ஸ் சாரதிக்கும்தான் அவர் வேலைசெய்த விதம் தெரியும். “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமான மனுசன்” என்பதோடு கதை முடிந்துவிடும். இரவில் பிரசவ வலியோடு ஒருவர் வந்தால் என்ன நடக்கும், கரண்ட் இல்லாவிட்டால் எந்த வெளிச்சத்தில் தையல் போட்டார், எந்த மருந்து வராமலிருந்தது, அதற்குப் பதிலாக என்ன செய்தார் என்று கேளுங்கள். 1990களில் வன்னியில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் கடும் தட்டுப்பாடு. அந்த ஆண்டுகளில் அவர் அங்கே இருந்திருந்தால், மலரின் உயிர் அந்தப் பக்கங்களில்தான் இருக்கும். அவற்றைச் சுருக்காதீர்கள்.

ஆனால் நோயாளியின் பெயரையும் நோயையும் சேர்த்து எழுதவே கூடாது. பெயரை எடுத்துவிட்டாலும் ஊர், ஆண்டு, வயது மூன்றும் இருந்தால் சின்ன ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். காசநோய், தற்கொலை முயற்சி, போர்க்காயம் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். டிஸ்பென்சரியில் மிஞ்சிய நோயாளர் பதிவுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். அப்பா வாழ்நாளெல்லாம் காத்த இரகசியங்கள் அவை.

அம்மாவுக்குத் தனிப்பக்கம் வேண்டும். “உறுதுணையாக நின்றார்” என்ற ஒரு வரி போதாது. இடமாற்றம் வந்தபோதெல்லாம் வீட்டை யார் கட்டி ஏற்றியது, பிள்ளைகளுக்குப் புதிய பள்ளிக்கூடத்தை யார் தேடியது, நடுச்சாமத்தில் கதவு தட்டினால் முதலில் யார் எழும்பியது என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். ஒரு வைத்தியரின் பொதுப்பணியில் பாதி அந்த வீட்டுக்குள்ளேதான் நடக்கிறது.

இறந்த நாளின் திதியைப் பாட்டாகச் சொல்லும் திதி வெண்பாவை அவசரத்தில் எழுதுவிக்க வேண்டாம். ஆண்டு, மாதம், பட்சம், திதி நான்கையும் குடும்பக் குருக்களிடம் உறுதிசெய்யுங்கள். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் திதி மாறும் நேரம் வேறுபடும். பிழையாக அச்சேறினால் ஆண்டுதோறும் திவச நாளில் குழப்பம் வரும்.

வெளிநாட்டு உறவினர்களிடம் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்ப வேண்டாம், டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சுருங்கிப்போய் அச்சில் மங்கும். பழைய பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெரிதாகப் போடுவதென்றால் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வரும் கட்டுரைகளை யுனிகோடுக்கு மாற்றும்போது, இடையில் உள்ள ஆங்கிலப் பட்டங்களும் பெயர்களும் அர்த்தமற்ற தமிழாகிவிடும். மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும்; ஏ5 அளவில் 48 பக்கம் தாராளம்.

20ஆம் நாளுக்குள் எழுத்து முடியாவிட்டால் 31ஆம் நாளுக்குப் பஞ்சபுராணமும் சிவபுராணமும் திதி வெண்பாவும் ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பும் கொண்ட சிறு கல்வெட்டை மட்டும் அடியுங்கள். முழு மலரை ஆண்டுத் திவசத்துக்கு வையுங்கள். வன்னித் தாதி ஒருவரின் தொலைபேசி எண் கிடைக்கவே சிலவேளை மூன்று மாதமாகும். அவரை விட்டுவிட்டு அச்சடிப்பதைவிடக் காத்திருப்பது நல்லது.

அச்சான பின் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுங்கள். “நூலகம்” என்ற மின்னூலக இணையத்தளம் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. அவர்களுக்கு பிடிஎஃப் கோப்பை அனுப்புங்கள். அந்தப் பிரதியில் வீட்டு முகவரியையும் பேரப்பிள்ளைகளின் பிறந்த திகதிகளையும் நீக்கிவிடுங்கள்.